வயல்வெளிச் சித்திரமும் வர்ண அடுக்கும்

சித்திரம் பயிலத் தொடங்கும் மாணவர் பலர், கண் காண்பதைத் தீட்டாமல் மனம் அறிந்ததையே தீட்டுகின்றனர். மலை பெரிது என்றறிவர். ஆதலின் அதனைப் பெரிதாக வரைவர். இலை பச்சை என்றறிவர். ஆதலின் அண்மையிலுள்ள நாற்றுக்கும் சேய்மையிலுள்ள தோப்புக்கும் ஒரே பச்சையைப் பூசுவர். அவர்தம் சித்திரம் ஆழமின்றித் தட்டையாய் நிற்பதற்குக் காரணம் இதுவே.

மண்ணச்சநல்லூர் வயல்வெளியில் நின்று தெற்கு நோக்குவோமாக. முன்னே நெல்வயல், அப்பால் வாழையும் தென்னையும், தோப்பின் இடைவெளியில், கொள்ளிடத்தையும் காவிரியையும் கடந்து, திருச்சி மலைக்கோட்டை. அதன் உயரம் 83 மீட்டர். நமக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 9 கிலோமீட்டர். இத்தொலைவில் அது முழுமதியின் விட்டத்தளவே உயர்ந்து தோன்றும். நீட்டிய கையின் சுண்டுவிரலது அகலத்திற் பாதியில் அடங்கிவிடும். நிறமும் மாறுபடும். இடையே பரந்த காற்று நீல ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்தலின், பாறை வெளிறிய நீலச் சாம்பலாய்த் தோன்றும்.

இதனை நீர்வர்ணத்தில் அமைக்கும் முறை யாதெனில், சேய்மையினின்று அண்மைக்கும், வெளிர் நிறத்தினின்று அடர் நிறத்துக்கும் வருதலாம். முதலிற் காகிதத்தை நனைத்து, மேலே நீலமும் அடிவானில் வெளிறலுமாக வானத்தைப் பூசுக. அது உலர்ந்தபின் மலையை ஒரே பூச்சில் முடிக்க. படிகளையும் சாளரங்களையும் விட்டுவிடுக. அடுத்துத் தோப்பு: நீலங்கலந்த பச்சை, உருவம் மட்டும் போதும், ஓலைகளை எண்ணவேண்டா. இறுதியில் வயல்: மஞ்சளைப் பூசி உலரவிட்டு, அதன்மேல் மெல்லிய நீலத்தை ஏற்றுக. அடிமஞ்சள் ஊடுருவித் தோன்றுதலின் அப்பச்சை ஒளியுடன் விளங்கும். ஈரம் உலருமுன் அடுத்த பூச்சைத் தொடங்குவோர்க்குக் கிடைப்பது சேறே. வரப்பின் கருமையையும் நாற்றின் கூர்மையையும் முன்தளத்திற்கே வைத்துக்கொள்க.

1792ஆம் ஆண்டில் தாமஸ் தானியலும் அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் திருச்சிக்கு வந்து, காவிரியினின்று இப்பாறையை வரைந்தனர். 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட காட்சித் தொகுதியில் அச்சித்திரமும் இடம்பெற்றது. அன்றைய ஆற்றங்கரையை இன்று நாம் காண்பது அவர்கள் கண்ணாலன்றோ!

மாணவ நண்பர்களே, இன்று நம் வயல்கள் பல மனைகளாகி வருகின்றன. அயல்நாட்டுப் பனிமலைகளைப் படம் பார்த்து வரைதலை விடுத்து, நம்மூர் வயலை ஒருநாட் காலையேனும் உற்று நோக்கித் தீட்டுமின். பின்வருவோர்க்கு அது வெறும் சித்திரமாக மட்டும் நில்லாது.