மருத்துவக் கல்லூரியா, ஆராய்ச்சிப் பட்டமா?

மருத்துவ நுழைவுத் தேர்வின் முடிவுகள் வெளிவந்த சில நாட்களில், சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் பல குடும்பங்களில் ஒரே கேள்வி எழுகிறது. மகனுக்கோ மகளுக்கோ மருத்துவக் கல்லூரியில் இடமில்லை என்பது தெளிவாகிவிட்டது. இன்னும் ஓர் ஆண்டு பயிற்சி நிலையத்தில் சேர்ப்பதா, அறிவியல் பட்டப்படிப்பில் சேர்த்து ஆராய்ச்சியின் பக்கம் அனுப்புவதா? ஆந்திரத்தில் ‘லாங் டெர்ம்’ எனப்படும் மறுபயிற்சியில் இரண்டு, மூன்று ஆண்டுகளைக் கழித்தவர்களும் உண்டு. முடிவு பெரும்பாலும் வருத்தத்திலும் அவசரத்திலும் எடுக்கப்படுகிறது. நிதானமாக ஆராயப்பட வேண்டிய பொருள் இது.

நிராகரிப்பின் பொருள்

2024ஆம் ஆண்டில் நீட் தேர்வை எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர். நாட்டிலிருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம். அதாவது, இருபதுக்கு மேற்பட்டோர் ஓர் இடத்திற்குப் போட்டியிட்டனர். இவற்றில் அரசுக் கட்டணத்தில் கிடைப்பவை ஏறத்தாழப் பாதியே. எனவே, இடம் கிடைக்காமை என்பது முதன்மையாக இடங்களின் பற்றாக்குறையைக் காட்டுகிறது. மாணவரின் அறிவுத் திறனைப் பற்றியோ, நோயாளியிடம் அவர் காட்டக்கூடிய பரிவைப் பற்றியோ, ஆய்வுக்கு வேண்டிய பொறுமையைப் பற்றியோ அது தீர்ப்புக் கூறுவதில்லை. மூன்று மணி நேரத்தில் சரியான விடையைத் தெரிவு செய்யும் ஆற்றல் வேறு. விடையே இல்லாத கேள்வியுடன் மூன்று ஆண்டுகள் வாழும் ஆற்றல் வேறு.

இரு வேறு பணிகள்

மருத்துவரையும் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவரையும் ‘டாக்டர்’ என்றே அழைக்கிறோம். ஆயினும் இருவர் பணியும் வேறு. மருத்துவர் அறியப்பட்ட அறிவை ஒரு நோயாளியின் பொருட்டு உடனே பயன்படுத்துகிறார். ஆராய்ச்சியாளர் இதுவரை அறியப்படாத ஒன்றை அறிய முயல்கிறார். அவருடைய சோதனைகளில் பெரும்பாலானவை எதிர்பார்த்த பலனைத் தருவதில்லை. பி.எச்டி. பட்டம் நோயாளிக்கு மருந்து எழுதும் உரிமையை அளிக்காது. ஆகவே, நோயாளியின் அருகே நிற்பதையே விரும்பும் ஒருவர் ஆராய்ச்சிப் பட்டத்தை ஆறுதல் பரிசாகக் கருதிச் சேர்ந்தால் ஏமாற்றம் அடைவார். நோய் ஏன் வருகிறது என்ற கேள்வியே தம்மைக் கவர்கிறது என்பவர், மருத்துவ இடம் கிடைக்காமையை இழப்பாகக் கருத வேண்டியதில்லை.

காலமும் பொருளும்

எம்.பி.பி.எஸ். படிப்பு நாலரை ஆண்டுகளும், அதன்பின் ஓராண்டு கட்டாய மருத்துவமனைப் பயிற்சியும் கொண்டது. சிறப்பு மருத்துவம் பயில மேலும் மூன்று ஆண்டுகள் தேவை. அதற்கும் தனி நுழைவுத் தேர்வு உண்டு. ஆராய்ச்சி வழியில், ஐந்தாண்டு ஒருங்கிணைந்த அறிவியல் படிப்பிற்குப் பின் பி.எச்டி. ஆய்வு தொடர்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி ஆய்வுக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், பொதுவாக அதிக அளவு ஆறு ஆண்டுகள். ஆக, இரு வழிகளிலும் முழுத் தகுதி பெற எட்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகின்றன.

பொருளாதார நிலையில் ஒரு வேறுபாடு உண்டு. தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வானவர்களுக்கு, 2023 ஜனவரி முதல் முதலிரு ஆண்டுகளில் மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும் வழங்கப்படுகின்றன. தனியார் மருத்துவக் கல்லூரிக்காக நிலத்தை விற்கும் நிலையிலுள்ள குடும்பம் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். எனினும், இவ்வுதவித்தொகை எல்லா ஆய்வாளருக்கும் கிடைப்பதில்லை. பட்டம் பெற்றபின் நிலையான பணியிடங்களும் குறைவே. மருத்துவருக்குள்ள தொழிற் பாதுகாப்பு ஆராய்ச்சியாளருக்கு எளிதில் வாய்ப்பதில்லை என்பதை மறைக்கலாகாது.

எல்லாப்பிரகட சுப்பாராவ்

ஆந்திரத்தின் பீமவரத்தில் 1895இல் பிறந்த சுப்பாராவின் வாழ்க்கை இப்பொருளுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற அவர், கதர் ஆடை அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரின் அதிருப்திக்கு ஆளானார் என்றும், அதனால் எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். தகுதியையே பெற்றார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். சென்னை மருத்துவப் பணியிலும் அவருக்கு இடமில்லை. ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபின் 1922இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். அங்கும் அவருடைய தகுதி மருத்துவமனைப் பயிற்சிக்கு ஏற்கப்படவில்லை. மருத்துவமனையில் இரவுநேரக் கடைநிலை ஊழியராக வேலை பார்த்துப் பிழைத்தார்.

பின்னர் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் உயிர்வேதியியல் ஆய்வில் ஈடுபட்டார். உடல் திரவங்களில் பாஸ்பரசை அளக்கும் அவர்களது முறை 1925இல் வெளியாயிற்று. உயிரணுக்களின் ஆற்றல் நாணயம் எனத்தக்க ஏ.டி.பி. என்னும் பொருளை அவர்கள் கண்டறிந்தது 1929இல் வெளியாயிற்று. 1930இல் பி.எச்டி. பட்டம் பெற்றார். ஹார்வர்டில் நிலையான பதவி கிடைக்காததால் 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு அவர் தலைமையிலான குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கினர். யானைக்கால் நோய்க்கான டை எத்தில் கார்பமசைன் மருந்தை அளித்தனர். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு முதன்முதலில் பயன் தந்த அமினாப்டெரினையும் தயாரித்தனர். 1948இல் அவர் மறைந்தார். மருத்துவராகத் தொழில் செய்ய இடம் பெறாத அவரது ஆய்வின் பயன், இந்தியாவின் யானைக்கால் நோய் ஒழிப்புத் திட்டம் வழியாகக் கோடிக்கணக்கான மக்களை அடைந்துள்ளது.

வேலூரும் இரு சான்றுகளும்

சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூரின் கிறித்தவ மருத்துவக் கல்லூரியோடு தொடர்புடைய இருவரையும் நோக்கலாம்.

ஒருவர், சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கடராமன் ராமகிருஷ்ணன். அக்கல்லூரியிலும் ஐ.ஐ.டி.யிலும் தமக்கு இடம் கிடைக்கவில்லை என அவரே கூறியுள்ளார். பரோடா மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தபோதும், தேசிய அறிவியல் திறன் உதவித்தொகை பெற்றதால் அதைத் துறந்து இயற்பியல் பயின்றார். அமெரிக்காவில் 1976இல் இயற்பியலில் பி.எச்டி. பெற்றபின், தம் ஆர்வம் உயிரியலில் எனக் கண்டு மீண்டும் மாணவரானார். பின்னர் ஏறத்தாழ ஐம்பது கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியர் பணி கிடைக்கவில்லை. ஆயினும், ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்ததற்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகள் செயல்படும் விதத்தை விளங்கிக்கொள்ள அவ்வாய்வு உதவுகிறது.

மற்றவர், ககன்தீப் காங். அவர் அதே வேலூர்க் கல்லூரியில் எம்.பி.பி.எஸ்., எம்.டி. பட்டங்களைப் பெற்று, 1998இல் பி.எச்டி.யும் பெற்றார். குழந்தைகளின் வயிற்றுப்போக்கு நோய்க்குக் காரணமான ரோட்டா வைரசைப் பற்றிய அவரது ஆய்வு உலகறிந்தது. ரோட்டா வைரஸ் தடுப்பூசி 2016இல் நம் நாட்டில் முதலில் அறிமுகமான நான்கு மாநிலங்களில் ஆந்திரமும் ஒன்று. மருத்துவமும் ஆராய்ச்சியும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதை இவரது வாழ்க்கை உணர்த்துகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் போன்ற சில நிறுவனங்கள், எம்.பி.பி.எஸ். பட்டதாரிகளும் பி.எச்டி.க்கு விண்ணப்பிக்க வழி செய்துள்ளன.

அருகிலுள்ள வாய்ப்புகள்

1911இல் உருவான சித்தூர் மாவட்டத்திலிருந்து 2022இல் திருப்பதி மாவட்டம் பிரிந்தது. ஒரு பெருநகரத்திற்கு ஈடான கல்வி நிறுவனங்கள் இப்பகுதியில் அமைந்துள்ளன. 1954இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகம், 1960இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவக் கல்லூரி, பெண்களுக்கான ஸ்ரீ பத்மாவதி பல்கலைக்கழகம், பல்கலைக்கழகத் தகுதி பெற்ற ஸ்விம்ஸ் மருத்துவ அறிவியல் நிறுவனம், வளிமண்டல ஆய்வுக்கான காதங்கி தேசிய ஆய்வுக்கூடம் ஆகியவை குறிப்பிடத்தக்கன. 2015இல் ஐஸர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் ஐ.ஐ.டி.யும் திருப்பதியில் தொடங்கப்பட்டன.

இங்கு பெற்றோர் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. நீட் தேர்வை எத்தனை முறையும் எழுதலாம். உச்ச வயது வரம்பும் இல்லை. ஆனால் ஐஸரில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வில், இண்டர்மீடியட் தேறிய ஆண்டு பற்றிய வரம்பு உண்டு. மீண்டும் மீண்டும் நீட் எழுதும் மாணவருக்கு ஒரு கதவு திறந்தே இருக்க, மற்றொரு கதவு அவர் அறியாமலே மூடிவிடுகிறது. உயிரியல் பிரிவு மாணவரும் ஐஸர் தேர்வை எழுதலாம். ஆயினும் அத்தேர்வில் நான்கில் ஒரு பகுதி கணிதம். கணிதத்தைக் கைவிட்ட மாணவர் அதற்கெனத் தனியே உழைக்க வேண்டும். முதன்முறை நீட் எழுதும் ஆண்டிலேயே ஐஸர் தேர்வுக்கும் விண்ணப்பித்துவிடுவது அறிவுடைமை.

செய்ய வேண்டுவன

மறுமுயற்சி தவறன்று. முதல் முயற்சியின் மதிப்பெண் முந்தைய ஆண்டின் சேர்க்கை எல்லைக்கு அண்மையில் இருந்து, குறை எந்தப் பாடத்தில் என்பதும் தெரிந்திருந்தால், ஓராண்டு செலவிடுவதில் நியாயமுண்டு. இரண்டாம் முறையும் முன்னேற்றம் இல்லையெனில் வழியை மாற்றுவதே நன்று. அதற்குமுன் மாணவர் ஒரு மருத்துவமனையில் சில நாட்களும், ஓர் ஆய்வுக்கூடத்தில் சில நாட்களும் நடப்பதைக் கண்டறிவது பயன் தரும். வெளியிலிருந்து காணும் பெருமையைவிட, அன்றாட வேலையின் இயல்பே முடிவுக்கு அடிப்படையாக இருத்தல் வேண்டும்.

கல்வி அதிகாரிகளுக்கும் இதில் கடமையுண்டு. இரு வழிகளின் தேர்வுகள், கடைசி நாட்கள், கட்டணம், உதவித்தொகை, தகுதி வரம்புகள் ஆகியவற்றை இண்டர்மீடியட் முதலாண்டிலேயே தெலுங்கிலும், எல்லைப்புறக் கிராமங்களில் தமிழிலும் அச்சிட்டு வழங்கலாம். ஆய்வு நிறுவனங்கள் ஆண்டுக்கொரு முறை கிராமப்புறக் கல்லூரி மாணவருக்குத் தம் கூடங்களைத் திறந்து காட்டலாம். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

நாட்டிற்கு நல்ல மருத்துவரும் வேண்டும்; அம்மருத்துவர் கையில் நல்ல மருந்தைத் தரும் ஆராய்ச்சியாளரும் வேண்டும். பதினெட்டு வயதில் கிடைக்காத ஓர் இடம், இவ்விரண்டில் எதற்கும் தகுதியற்றவர் என்று எந்த இளைஞரையும் எண்ணச் செய்துவிடலாகாது.