புயல் நாளுக்கு ஏற்ற வாய்க்கால்: நாடு விட்டு நாடு வரும் வானிலைச் செய்தி

ஐப்பசி பிறந்துவிட்டால் பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம் கொம்யூன்களில் சம்பா நட்டிருக்கும் விவசாயிகளுக்கு ஒரு கேள்வி எழும். மேலுரம் இடலாமா, இரண்டு நாள் பொறுக்கலாமா? இட்ட மறுநாள் கன மழை கொட்டினால் யூரியா வரப்பைத் தாண்டி வடிகாலுக்குப் போய்விடும். பொறுத்திருந்து மழையும் வராமல் போனால் தூர் கட்டும் பருவம் தப்பிவிடும். இக்கேள்விக்கான விடை புதுச்சேரி வானத்தில் மட்டும் இல்லை. திரிகோணமலையிலும் போர்ட் பிளேயரிலும் மியான்மர் கரையிலும் இன்று காற்றழுத்தம் எவ்வளவு என்பதில் பாதி விடை இருக்கிறது. அந்த அளவுகள் எப்படி இங்கு வந்து சேருகின்றன, அவை வரும் வழியின் கொள்ளளவை எவ்வாறு திட்டமிடுகிறார்கள் என்பது தெரிந்தால், முன்னறிவிப்பை எந்த அளவுக்கு நம்பலாம், எப்போது மறுபடி கேட்க வேண்டும் என்பது விளங்கும்.

ஃபெஞ்சல் கற்பித்தது

2024 நவம்பர் கடைசி வாரத்தில் வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி மெதுவாக வடக்கே நகர்ந்தது. அது புயலாகுமா ஆகாதா என்பதில் ஓரிரு நாள் கணிப்பு மாறிக்கொண்டே இருந்தது. 29-ந் தேதி புயலாயிற்று. சவூதி அரேபியா கொடுத்திருந்த ஃபெஞ்சல் என்ற பெயர் அதற்கு வந்தது. 30-ந் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் பெரிதல்ல. கரை கடந்த பிறகும் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றதுதான் வினையாயிற்று. டிசம்பர் 1 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 46 செ.மீ.க்கு மேல் மழை பதிவாயிற்று.

கணிப்பு ஏன் மாறியது என்று பலர் கேட்டனர். நிலத்தில் நிலையம் அமைத்து அளப்பது போலக் கடலில் அளக்க முடியாது. கப்பல்கள், மிதவைகள், செயற்கைக் கோள்கள் ஆகியவற்றை நம்பித்தான் இருக்க வேண்டும். அப்படி இருக்கும்போது கரையோர நாடுகள் அனுப்பும் ஒவ்வோர் அளவும் பொன் போன்றது. திரிகோணமலையில் அழுத்தம் குறைகிறதா, ஏறுகிறதா என்பது இரண்டு நாள் கழித்துப் பாகூர் வயலுக்கு வரப்போகும் தண்ணீரைப் பற்றிய செய்தியாகும்.

உலகமெங்கும் ஒரே நேரம்

வானிலை நிலையங்கள் தத்தம் விருப்பப்படி அளப்பதில்லை. உலக முழுவதும் ஒரே நேரத்தில் அளக்கின்றன. நம் கடிகாரப்படி காலை 5.30, 8.30, 11.30 என மூன்று மணிக்கு ஒரு முறை அளவு எடுக்கப்படுகிறது. காரைக்கால், சென்னை போன்ற நிலையங்கள் காலை 5.30 மணிக்கும் மாலை 5.30 மணிக்கும் பலூன் பறக்கவிட்டு மேல்காற்றையும் அளக்கின்றன. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஐந்து இலக்க எண் உண்டு. காரைக்காலின் எண் 43346, திரிகோணமலையின் எண் 43418. நாடு வேறானாலும் வானிலைக் கணக்கில் இரண்டும் 43 என்ற ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. காற்றுக்கு எல்லைக் கல் கிடையாது என்பதைக் கணக்கு எழுதியவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

உலக வானிலை அமைப்பு 1963-ல் தொடங்கிய உலக வானிலைக் கண்காணிப்புத் திட்டத்தில் மெல்போர்ன், மாஸ்கோ, வாஷிங்டன் ஆகிய மூன்றும் உலக மையங்களாயின. அவற்றையும் வட்டார மையங்களையும் இணைக்கும் செய்தித் தொடர்பு வழியில் புதுடில்லி ஒரு முக்கியச் சந்தி. கொழும்பு, டாக்கா, காட்மாண்டு, யாங்கோன் முதலிய இடங்களின் செய்தி அங்கே வந்து திரண்டு, அங்கிருந்து பிற நாடுகளுக்குப் போகிறது. வங்கக் கடல், அரபிக் கடல் புயல்களைப் பற்றி 13 நாடுகளுக்கு ஆலோசனை வழங்கும் பொறுப்பும் புதுடில்லிக்கே உரியது.

கொள்ளளவுக் கணக்கு

ஏரிக்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலைப் போலவே செய்தி வரும் வழிக்கும் அகலம் உண்டு. பழைய டெலிபிரிண்டர் கம்பியில் நிமிடத்துக்குச் சுமார் 400 எழுத்துகள் போகும். ஒரு நிலையத்தின் அளவு ஐந்தைந்து இலக்கமாகச் சுருக்கி எழுதப்படுவதால் ஏறக்குறைய 70 எழுத்துகளில் அடங்கிவிடும். அதை அனுப்பப் பத்து விநாடி போதும். 300 நிலையங்களின் செய்தி ஒரே கம்பியில் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 50 நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆகும். மூன்று மணிக்கு ஒரு முறைதான் அளவு என்பதால் சாதாரண நாளில் கம்பிக்கு ஓய்வு நேரமே மிகுதி. இது போதாதா என்று தோன்றும்.

போதாது. புயல் நெருங்கும்போது கரையோர நிலையங்கள் மணிக்கு ஒரு முறை அளவு அனுப்பத் தொடங்கும். அனைத்து நிலையங்களும் அவ்வாறு அனுப்பினால் அறுபது நிமிடத்தில் ஐம்பதுக்கு மேல் அளவுகளுக்கே போய்விடும். எச்சரிக்கை அறிக்கைக்கும், தவறாக வந்ததைத் திரும்பக் கேட்பதற்கும் மிஞ்சுவது ஏழெட்டு நிமிடங்களே. ஆகவே கொள்ளளவை ஆண்டுச் சராசரி பார்த்து முடிவு செய்வது தவறு. வடிகாலைச் சித்திரை மாதத் தண்ணீருக்கு ஏற்றபடி வெட்டுகிற விவசாயி எவரும் இல்லை. கார்த்திகை வெள்ளத்தை மனத்தில் வைத்தே வெட்டுகிறார்கள். செய்தி வழிக்கும் புயல் நாள்தான் அளவுகோல்.

பிறகு படங்கள் வந்தன. ஒரு கோடி எழுத்து அளவுள்ள ஒரு செயற்கைக் கோள் படத்தை அந்தப் பழைய கம்பியில் அனுப்பினால் 25,000 நிமிடங்கள், அதாவது 17 நாட்களுக்கு மேல் ஆகும். புயல் கரை கடந்து, வெள்ளம் வடிந்து, கணக்கெடுப்பும் முடிந்திருக்கும்! விநாடிக்கு 8,000 எழுத்து செல்லும் வழியில் அதே படம் 21 நிமிடத்தில் வரும். அதைப் போல் 32 மடங்கு அகலமான வழியில் 40 விநாடி போதும். இன்றைய கணிப்பொறிக் கணிப்புகளின் சுமை இதனினும் பல மடங்கு. உலக அமைப்பும் 2025 முதல் பழைய முறையைக் கட்டம் கட்டமாக மாற்றி வருகிறது. எல்லாச் செய்தியையும் எல்லாருக்கும் தள்ளுவதற்குப் பதிலாக, தேவையான நாடு தேவையானதற்குப் பெயர் பதிந்து எடுத்துக்கொள்ளும் முறை இது. கடைமடையில் தேவைக்கு மட்டும் மதகு திறப்பது போன்றது.

அகலம் மட்டும் போதுமா? ஒரே வழியை நம்பியிருந்தால் அது அறுந்த அன்று அனைத்தும் நின்றுவிடும். அதனால் மாற்று வழி ஒன்று எப்போதும் வைத்திருக்கப்படுகிறது. முறை நீர்ப் பாசனத்தில் நாற்றங்காலுக்கு முதலில் விடுவது போல, நெரிசல் வந்தால் புயல் எச்சரிக்கைக்கே முதலிடம். மற்றவை காத்திருக்கும்.

கம்பியும் கருவியும் இருந்தாலும் கொடுக்க மனம் வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது வானிலை அளவுகள் போர் இரகசியமாக மறைக்கப்பட்டன. 1995-ல் உலக வானிலை அமைப்பு, அடிப்படை அளவுகளைத் தடையின்றி இலவசமாகப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்று தீர்மானித்தது. 2021-ல் அது மேலும் விரிவாக்கப்பட்டது. இலங்கையின் அளவு நமக்கும் நமது அளவு அவர்களுக்கும் விலையின்றிக் கிடைப்பது இதனால்தான். 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் புயலுக்கு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பலியானதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை தெரியும். 1972-ல் இவ்வட்டாரப் புயல் குழு அமைந்தது.

கடைசிக் கல் தொலைவு

பல்லாயிரம் மைல் கடந்து வரும் செய்தி பெரும்பாலும் அறுபடுவது கடைசிக் கல் தொலைவில்தான். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. பண்ருட்டிப் பகுதி முந்திரியும் பலாவும் வேரோடு வீழ்ந்தன. கைப்பேசி ஒன்றையே நம்பியிருப்பவர்கள் இதனை நினைவில் கொள்ள வேண்டும். பாட்டரியில் இயங்கும் வானொலிப் பெட்டி ஒன்று வீட்டில் இருப்பது நலம்.

ஃபெஞ்சலின்போது இன்னொன்றும் நடந்தது. புதுச்சேரியில் மழை குறைந்த பின் புயலின் மிச்சம் உள்நாட்டுக்குச் சென்று ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. டிசம்பர் 2-ல் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.6 இலட்சம் கன அடிக்கு மேல் நீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணை பெருகி, மழை விட்டுவிட்டது என்று மூச்சு விட்டிருந்த பாகூர்ப் பகுதியில் வெள்ளம் புகுந்தது. எனவே தென்பெண்ணைக் கரை விவசாயிகள் தம் ஊர் மழையை மட்டும் கேட்டால் போதாது. திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி மாவட்ட மழையையும் சாத்தனூர் நீர்திறப்பையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் ஐந்து நாட்களுக்கான வேளாண் வானிலை அறிக்கை வெளியாகிறது. முதல் இரண்டு நாட்களுக்கு உரியதை உறுதியாகக் கொள்ளலாம். நான்காம், ஐந்தாம் நாள் கணிப்பைக் கொண்டு உரம் வாங்கி வைக்கலாம், இட வேண்டாம். தாழ்வு மண்டலம் உருவாகிவிட்டால் கிழமையைப் பார்த்துக் காத்திருக்காமல் நாள்தோறும் காலையும் மாலையும் கேட்க வேண்டும். கரை கடக்கும் நெருக்கத்தில் மணிக்கு ஒரு முறை புதிய செய்தி வரும். கன மழை எச்சரிக்கை இருந்தால் மேலுரத்தையும் மருந்து தெளிப்பதையும் நிறுத்தி, வயலின் தாழ்ந்த மூலையில் வடிகாலைத் திறந்து வைக்க வேண்டும். குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுத்து, தென்னையில் முற்றிய காய்களையும் பழுத்த மட்டைகளையும் இறக்கிவிட வேண்டும். நீர் வடிந்த பின் பயிர் மஞ்சளித்திருந்தால் எவ்வளவு உரம், எப்போது இடுவது என்பதைக் குரும்பாப்பேட்டையில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டறியலாம். போகும்போது வயலில் எத்தனை நாள் நீர் தேங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு போவது நல்லது.