இரட்டைச் சிலிண்டரும் ஒரு மரைக் கணக்கும்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியபோது, "நமக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று தாண்டிப் போனவன்தான் நான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவனே. அப்பா கடலூர் முதுநகரில் மீன் பெட்டி தூக்குகிறார். அம்மா கூடையில் மீன் விற்கிறார். தினமும் காலை பாசஞ்சர் வண்டியில் ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, கிள்ளை தாண்டிச் சிதம்பரம் வந்து படிக்கிறேன். மெட்ராலஜி லேபில் நடத்திய ஒரு சின்னப் பாடம் என் தாய்மாமன் விஷயத்தில் உயிர் காக்கும் பாடமாக ஆகிவிட்டது. அதை உங்களோடு பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரை.

மாமாவின் வேலை

என் மாமா தேவனாம்பட்டினத்தில் ஃபைபர் படகில் கடலுக்குப் போனவர். இப்போது புதுச்சேரியில், சுற்றுலா வருபவர்களைக் கடலுக்குள் மூழ்க அழைத்துச் செல்லும் படகில் வேலை பார்க்கிறார். ஸ்கூபா பயிற்சி முடித்துச் சான்றிதழும் வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு ஒரு குழு இலங்கை மட்டக்களப்புக்கு மூழ்கப் போனது. சிலிண்டர்களைக் கட்டித் தயார் செய்யும் உதவியாளாக மாமாவையும் அழைத்தார்கள். அவருக்கு இது முதல் வெளிநாட்டுப் பயணம்.

மட்டக்களப்புக்கு அருகே கடலடியில் 'ஹெர்மிஸ்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் கிடக்கிறது. விமானந்தாங்கிக் கப்பலாகவே முதலிலிருந்து வடிவமைக்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசி அதை மூழ்கடித்தன. 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கப்பல் கிடக்கும் ஆழம் சுமார் 50 மீட்டர். அதைப் பார்க்கத்தான் பல நாடுகளிலிருந்தும் முதுகில் இரட்டைச் சிலிண்டரோடு ஆட்கள் வருகிறார்கள்.

ஏன் இரண்டு சிலிண்டர்?

இதற்கு நாம் படித்த பாயில் விதியே போதும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் 1 பார் கூடுகிறது. மேலே காற்று மண்டலத்தின் 1 பார் ஏற்கெனவே இருக்கிறது. அப்படியானால் 50 மீட்டரில் மொத்தம் 6 பார். அங்கே நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் மேலே இழுக்கும் மூச்சைப் போல 6 மடங்கு காற்றைச் சிலிண்டரிலிருந்து எடுத்துவிடும்.

எங்கும் வாடகைக்குக் கிடைக்கும் அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர். அதை 200 பாருக்கு நிரப்பினால் 11.1 × 200 = 2220 லிட்டர் காற்று. ஒருவர் மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பதாக வைத்துக்கொள்வோம்.

நமக்குத் தெரிந்த பூம்புகாரை முதலில் எடுத்துக்கொள்வோம். 1990களின் தொடக்கத்தில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தினர் அங்கே கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவ அமைப்பு ஒன்றை மூழ்கிப் பார்த்தார்கள். அந்த ஆழத்தில் அழுத்தம் 3.3 பார். நிமிடத்துக்கு 66 லிட்டர் செலவாகும். ஒரு சிலிண்டர் ஏறக்குறைய 33 நிமிடம் வரும்.

ஹெர்மிஸில் 6 பார். நிமிடத்துக்கு 120 லிட்டர். அதே சிலிண்டர் 18 நிமிடத்தில் காலி! இதில் மேலே ஏறி வரும் நேரமும் இல்லை, ஆபத்துக்கு வைக்கும் மிச்சமும் இல்லை. அவ்வளவு ஆழம் போனவர் உடனே மேலே வரவும் முடியாது. உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற வழியில் நின்று நின்றுதான் வரவேண்டும்.

இரண்டாவது சிலிண்டர் அதிக நேரம் இருப்பதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஒரு வால்வோ ரெகுலேட்டரோ பழுதானால் மற்றொன்றால் உயிரோடு மேலே வரலாம். மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு ஆபத்துக்கு என்று காற்றைப் பிரித்துக்கொள்வது ஒரு வழக்கம்.

(பொழுதுபோக்கு ஸ்கூபாவுக்கு எல்லை 40 மீட்டர். அதற்குக் கீழே போகத் தனிப் பயிற்சி வேண்டும். இக்கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் இறங்கிவிட வேண்டாம்!)

பயணத்தில் எதைக் கொண்டு போவது?

அலுமினிய சிலிண்டர் ஒன்று வெறுமனே 14 கிலோ இருக்கும். இரண்டு 28 கிலோ. விமானத்தில் நமக்குத் தரும் எடை அதிலேயே தீர்ந்துவிடும். காற்று நிரப்பிய சிலிண்டரை ஏற்றவும் விடமாட்டார்கள். வால்வைக் கழற்றி உள்ளே காலி என்று காட்டச் சொல்லும் இடங்களும் உண்டு. ஆகவே சிலிண்டரைப் போகும் ஊரில் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, இரண்டையும் இணைக்கும் சாமான்களை மட்டும் பையில் கொண்டு போவார்கள். அவை:

1. துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகள் இரண்டு, அவற்றின் போல்ட், நட்.
2. மேனிஃபோல்டு. இது இரு வால்வுகளையும் குறுக்குக் குழாயால் இணைப்பது. குழாயின் நடுவில் தடுப்பு வால்வு ஒன்று இருக்கும்.
3. முதுகுத் தகடும் வார்களும்.
4. ரெகுலேட்டர்கள் இரண்டு. சில ஊர் வால்வுக்கு மரையுள்ள டின் வகை ரெகுலேட்டர் பொருந்தும், சில ஊரில் மேலே மாட்டி இறுக்கும் கிளாம்ப் வகை. அதனால் அடாப்டர் வேண்டும்.
5. ஸ்பேனர், உதிரி ஓ-ரிங்குகள்.

கட்டும் முறை

சிலிண்டர் இரண்டும் ஒரே விட்டம், ஒரே உயரம் இருக்கவேண்டும். அலுமினிய சிலிண்டரின் விட்டம் 184 மில்லிமீட்டர். எஃகு சிலிண்டரில் 171, 203 என்று வேறு அளவுகள் உண்டு. ஒன்றுக்குச் செய்த பட்டை மற்றொன்றுக்குச் சேராது. மேனிஃபோல்டின் நீளமும் அப்படியே.

சமதளத்தில் இரண்டையும் நிறுத்தி, முதலில் மேனிஃபோல்டைத் தளர்வாகச் சேர்த்து நேர்ப்படுத்த வேண்டும். பிறகே பட்டையை இறுக்க வேண்டும். பட்டையை முதலில் இறுக்கினால் குறுக்குக் குழாய் வளைந்து இழுபடும். அதன் ஓ-ரிங் கசியும். முதுகுத் தகட்டின் துளைகளுக்குப் பொருந்த, மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளி 11 அங்குலம் வைப்பார்கள்.

காற்று நிரப்பும்போது நடுத் தடுப்பு வால்வு திறந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அது மூடியிருந்தால் ஒரு சிலிண்டர் மட்டும் நிரம்பும். மீட்டர் முள்ளும் அந்த ஒரு பக்கத்தை மட்டுமே காட்டி நம்மை ஏமாற்றிவிடும்.

அலுமினிய சிலிண்டர் காலியானதும் மிதக்கப் பார்க்கும். ஒன்று ஏறக்குறைய 2 கிலோ அளவுக்கு மேலே தூக்கும், இரண்டு என்றால் 4 கிலோ. அதைச் சமாளிக்க ஈயக் கட்டி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மரை என்னும் உயிர்நிலை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாமா ஒரு பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். குழுவில் ஒருவர் ஐரோப்பாவிலிருந்து வரவழைத்த மேனிஃபோல்டு அது.

"மாப்ள, நீ மெக்கானிக்கல் படிக்கிறவன். இந்த இங்கிலீஷ் தாள்ல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லு."

அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். பாதி புரியவில்லை. ஆனால் ஒரு வரி எனக்கு நன்றாகவே தெரிந்தது: எம்25 × 2. வெளிவிட்டம் 25 மில்லிமீட்டர், பிட்ச் 2 மில்லிமீட்டர் உள்ள மெட்ரிக் மரை. டிராயிங் வகுப்பில் எத்தனை முறை போட்டிருக்கிறோம்!

சிலிண்டர் கழுத்தில் இரண்டு வகை மரை உலகில் அதிகம் புழங்குகிறது. ஒன்று இந்த எம்25. மற்றொன்று அமெரிக்க வழக்கமான முக்கால் அங்குல என்.பி.எஸ்.எம். இதில் அங்குலத்துக்கு 14 மரை. கணக்குப் போட்டால் 25.4 ÷ 14 = 1.81 மில்லிமீட்டர் பிட்ச். முக்கால் அங்குலம் என்பது பெயரளவுதான், வெளிவிட்டம் 26 மில்லிமீட்டருக்கு மேல் வரும்.

26 மில்லிமீட்டர் வால்வு 25 மில்லிமீட்டர் துளைக்குள் போகவே போகாது. அதில் ஆபத்தில்லை. ஆனால் எம்25 வால்வு முக்கால் அங்குலத் துளைக்குள் தளர்வாக ஏறிவிடும். மரைகளின் நுனி மட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். கையால் திருகுபவருக்குச் 'சேர்ந்துவிட்டது' என்று தோன்றும். பயங்கரமே அதில்தான் இருக்கிறது.

மறுநாள் கடலூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் ஸ்க்ரூ பிட்ச் கேஜ் வாங்கினேன். 2 மில்லிமீட்டர் தகட்டையும் 14 எண் தகட்டையும் மாமாவுக்குக் காட்டினேன். "மரையில வச்சு வெளிச்சத்துல பாருங்க மாமா. இடைவெளி தெரிஞ்சா அது வேற மரை" என்றேன். சிரித்துக்கொண்டே பையில் போட்டுக்கொண்டார்.

அன்று இரவு வந்த படம்

மட்டக்களப்பு போன இரண்டாம் நாள் இரவு, வாட்ஸ்அப்பில் சிலிண்டர் கழுத்தின் படம் வந்தது. '3ஏஎல் 3000' என்று முத்திரை. அமெரிக்க முறை அலுமினிய சிலிண்டர், 3000 பி.எஸ்.ஐ., அதாவது 207 பார். எனக்குப் பக்கென்றது. உடனே கூப்பிட்டேன்.

"பழைய வால்வைக் கழட்டிட்டு நம்மளத மாட்டிப் பார்த்தோம். ஏறுது மாப்ள, ஆனா லேசா ஆடுது. டெஃப்லான் டேப் சுத்தினா இறுகிடும்னு சொல்றாங்க. காலையில காத்து நிரப்பணும்."

"வேணாம் மாமா! கழட்டின வால்வுல கேஜ் வச்சுப் பாருங்க."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "2 தகட்டுல வெளிச்சம் தெரியுது. 14 கச்சிதமா உட்காருது" என்றார். வால்விலும் முக்கால் அங்குலம் என்றே பொறித்திருந்தது.

ஆனால் படித்தவர்கள், பணம் செலவழித்து வந்தவர்கள் உள்ள குழுவில், படகுக்காரர் ஒருவரின் பேச்சையும் 18 வயதுப் பையன் பேச்சையும் யார் கேட்பார்கள்? ஆகவே ஒரு தாளில் கணக்கைப் போட்டுப் படம் எடுத்து அனுப்பினேன்.

200 பார் = ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன்
வால்வு அடிப் பரப்பு = 3.14 × 25 × 25 ÷ 4 = 491 சதுர மில்லிமீட்டர்
தள்ளும் விசை = 491 × 20 = 9820 நியூட்டன், அதாவது சுமார் 1000 கிலோ

ஒரு டன் எடையை அந்த மரை நுனிகள் தாங்கவேண்டும். தாங்காவிட்டால் வால்வு பீரங்கிக் குண்டு போலப் பறக்கும். நிரப்பும்போது பக்கத்தில் நிற்கப் போவது என் மாமா. டேப் கசிவைத்தான் அடைக்கும், மரைக்குப் பலம் தராது. இதையும் கீழே எழுதினேன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவிடம் சொல்லவும் இல்லை. காலை 7 மணிக்கு மாமா பேசினார்.

"கழட்டியாச்சு மாப்ள. ஒருத்தருக்குக் கோபம்தான். மத்தவங்க உன் கணக்கைப் பார்த்துட்டுப் பேசாம இருந்துட்டாங்க."

மேனிஃபோல்டு இல்லாமல் என்ன செய்தார்கள்?

பழைய வால்வுகளையே திரும்ப மாட்டச் செய்து, இரண்டு சிலிண்டர்களையும் பட்டையால் மட்டும் சேர்த்துக் கட்டினார்கள். காற்று ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகாது. ஒவ்வொன்றுக்கும் தனி ரெகுலேட்டர், தனி மீட்டர். இதைத் தனித்த இரட்டை என்று சொல்லலாம். இதில் சிரமம் உண்டு. இரண்டிலும் காற்று சமமாக இருக்க, மூழ்குபவர் அவ்வப்போது ரெகுலேட்டரை மாற்றி மாற்றிச் சுவாசிக்க வேண்டும். ஒரு பக்கம் பழுதானால் அந்தப் பக்கக் காற்றும் போனது போனதுதான். ஆனால் ஒன்றின் பழுது மற்றொன்றைத் தொடாது. வாடகைச் சிலிண்டரின் வால்வையும் யாரும் கழற்ற வேண்டியதில்லை. முதுகில் கட்டாமல் உடம்பின் இரு பக்கமும் ஒவ்வொன்றாகத் தொங்கவிடும் முறையும் உண்டு. அதற்குப் பட்டைகூட வேண்டாம்.

முடிவுரை

நண்பர்களே, நாம் கவனிக்க வேண்டியவை:

1. மரை 'ஏறுகிறது' என்பது வேறு, 'பொருந்துகிறது' என்பது வேறு. ஆடினால் நிறுத்து.
2. முத்திரையைப் படிக்காமல் திருகாதே. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயின் முக்கால் அங்குல பி.எஸ்.பி. மரையும் அங்குலத்துக்கு 14தான். ஆனால் அதன் கோணம் 55 டிகிரி, என்.பி.எஸ்.எம். மரைக்கு 60 டிகிரி. ஆகவே கேஜ் மட்டும் போதாது, முத்திரையும் வேண்டும்.
3. இணைப்பில் சந்தேகம் இருந்தால் இணைக்காமல் விடு. வசதி குறையும், உயிர் மிஞ்சும்.

யாராவது கோக்குமாக்காகப் பேசினால் 'மரை கழண்ட கேஸ்' என்று கேலி செய்கிறோம். பிட்ச் கேஜ் செய்முறையன்று ரெக்கார்டை அடுத்தவன் நோட்டைப் பார்த்து எழுதியவர்களும் நம்மில் உண்டு. நானும் ஒரு செய்முறையை அப்படி எழுதியவன்தான். இந்த ஒன்றை நானே செய்திருந்தேன், அதனால் தப்பித்தேன்.

மாமா ஊர் திரும்பியதும் அந்தக் கேஜைத் திருப்பிக் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். தரவில்லை. "இது என் பையிலேயே இருக்கட்டும், நீ வேற வாங்கிக்க" என்று 200 ரூபாய் கொடுத்தார். அதில் புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன். வேண்டும் நண்பர்கள் கேட்டு வாங்கிப் பார்க்கலாம், ஆனால் திருப்பித் தந்துவிட வேண்டும்!