காட்டில் வழி தவறினால்

கேமரன் மலையில் தேயிலை வரிசை முடியும் இடத்திலேயே காடு தொடங்கிவிடுகிறது. ஒருபுறம் கத்தரித்த செடிகள் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் சரிவில் இறங்குகின்றன. மறுபுறம் சற்று உள்ளே நுழைந்தாலே திசை தெரியாது.

1967ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தானா ராத்தாவுக்கு அருகிலுள்ள ஒரு பங்களாவில் விருந்தினராகத் தங்கியிருந்த ஜிம் தாம்சன் உலாவச் சென்றார். தாய்லாந்துப் பட்டை உலகறியச் செய்த அமெரிக்கர் அவர். சிகரெட்டைக்கூட எடுத்துச் செல்லவில்லை. விரைவில் திரும்பும் எண்ணம்தான் போலும். ஆனால் அவர் திரும்பவே இல்லை. காவல் துறையினர், இராணுவத்தினர், பூர்வக்குடியினர் எனப் பலர் நாள்கணக்கில் தேடியும் ஒரு தடயமும் கிட்டவில்லை. அவருக்கு நேர்ந்தது என்ன என்பது இன்றும் புதிர்தான். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க உளவுப் படையில் பணியாற்றிய அவர், காட்டில் உயிர்பிழைக்கும் பயிற்சி பெற்றவர் என்பதுதான் நம்மை வியக்க வைக்கிறது.

அப்படிப்பட்ட பயிற்சி எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் போர்க்களத்திலிருந்து. ஜப்பானியர் ஆட்சியின்போது மலாயாக் காடுகளில் மூன்றாண்டுகளுக்கு மேல் மறைந்து வாழ்ந்த பிரிட்டிஷ் அதிகாரி ஸ்பென்சர் சாப்மன், தம் அனுபவங்களை 1949இல் நூலாக்கினார். காடு நமக்கு நண்பனுமில்லை, பகைவனுமில்லை என்பது அவர் கண்ட உண்மை. காட்டைக் கண்டு மனம் உடைந்த வீரர்கள் விரைவில் மாண்டதை அவர் பதிவு செய்துள்ளார். பின்னர், அவசரகாலத்தின்போது, 1952இல் மலாயாவில் இராணுவத்தினருக்கென ஒரு கையேடு வெளிவந்தது. காட்டில் நடப்பது, முகாம் அமைப்பது, தடம் அறிவது போன்றவை அதில் இடம்பெற்றன.

அமெரிக்க இராணுவத்தின் உயிர்பிழைப்புக் கையேடு உணவைப் பற்றிப் பேசுவதற்கு முன் மனத்தைப் பற்றிப் பேசுகிறது. முதலில் நின்று நிலைமையை எடைபோடு, அவசரப்படாதே, எங்கிருக்கிறாய் என்பதை நினைவில் கொள், அச்சத்தை வெல் என்கிறது. வழி தவறியவர் பலர் செய்யும் தவறு ஓடுவதுதான். ஓடினால் களைப்பும் காயமும் மிஞ்சும். தேடுவோரிடமிருந்தும் விலகிப் போவோம். கடைசியாகத் தெரிந்த பாதைக்கு அருகில் அமர்ந்திருப்பவரைக் கண்டுபிடிப்பது எளிது.

ஆயினும், கையேட்டில் உள்ள எல்லாம் எல்லா மலைக்கும் பொருந்தா. ஓடையைப் பின்பற்றிக் கீழே இறங்கினால் ஊர் வரும் என்பது பழைய அறிவுரை. சமவெளியில் அது பலிக்கலாம். இங்கோ, ராபின்சன் அருவியைப் போல ஓடை திடீரெனப் பாறையிலிருந்து குதிக்கும். வழுக்கும் பாறையில் கால் முறிந்தால் ஊர் எட்டாக்கனிதான். அதேபோல், வெப்பமண்டலக் காடு என்றதும் வெயிலைத்தான் எண்ணுகிறோம். 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டில் இரவில் பகைவன் குளிரே. நனைந்த சட்டை உடற்சூட்டை உறிஞ்சிவிடும். ஆகவே, இருட்டுவதற்குள் காய்ந்த இலைகளையோ கிளைகளையோ தடிப்பாகப் பரப்பி, ஈரத்தரை உடலில் படாமல் அமர வேண்டும்.

பசியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். உணவின்றி மனிதன் பல நாள் வாழ முடியும். தெரியாத காயையும் காளானையும் தின்று பார்ப்பதே பெரிய ஆபத்து. தண்ணீர்தான் முக்கியம். மூங்கிலை அசைத்துப் பார்த்தால், கணுவுக்குள் நீர் தேங்கியிருந்தால் ஓசை கேட்கும். ஓடை நீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பதே நலம்.

அந்தக் கையேட்டில் இன்னோர் அறிவுரையும் உண்டு: அவ்விடத்து மக்கள் வாழ்வதுபோல் வாழ். கேமரன் மலையில் அம்மக்கள் செமாய் பூர்வக்குடியினர். மூங்கிலில் நீர் சுமப்பதும், அதிலேயே சோறு ஆக்குவதும், அதையே ஊதுகுழலாக்கி வேட்டையாடுவதும் அவர்களுக்கு வழிவழியாக வந்த கலை. அவர்கள் அறிந்ததில் ஒரு சிறு பகுதியைத்தான் இராணுவம் அச்சிட்டது என்று கூறினாலும் மிகையாகாது.

மலையேறச் செல்லும் மாணவர்கள் செல்லும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்பட வேண்டும். பையில் ஒரு விசில், கைவிளக்கு, தீப்பெட்டி, பெரிய நெகிழிப்பை ஆகியவை இருக்கட்டும். நெகிழிப்பையைத் தலை நுழையுமளவு கிழித்து அணிந்தால் மழையங்கி ஆகும். குரல் சிறிது நேரத்தில் கம்மிவிடும், விசில் கம்மாது. மும்முறை ஊதி, சற்று நிறுத்தி, மீண்டும் மும்முறை ஊதினால், அது உதவி கேட்கும் குரல் என்பதைத் தேடுவோர் அறிவார்கள்.