நாளை பெருக்கலாம் என்னும் பிரமாதம்

உலக வழக்கில் ‘பிரமாதம்’ என்பது பாராட்டுச் சொல். ஆகம வழக்கிலோ அது சோர்வையும் விழிப்பின்மையையும் குறிக்கும். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் 8-ஆம் அத்தியாயத்தில், வினைக்கட்டிற்குரிய காரணங்கள் ஐந்தனுள் ஒன்றாக இதனை வைத்துள்ளார். 7-ஆம் அத்தியாயத்திலும், பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு நேர்வதே இம்சை என்கிறார். இதனை நாம் முனிவர் ஒழுக்கத்தோடு பொருத்திப் படிக்கிறோம். நமது அடுக்களையோடு பொருத்திப் பார்ப்பதில்லை.

இல்லறத்தார் மனையில் உயிர்க்கொலை நிகழும் இடங்கள் ஐந்து என்பர்: உரல், அம்மி, அடுப்பு, நீர்க்குடம், துடைப்பம். ‘துடைப்பமும் கொல்லுமெனில் பெருக்காதிருப்பதன்றோ அகிம்சை!’ என்று விளையாட்டாகக் கூறித் தப்புவோர் நம்மிடையே உளர். அன்றன்று பெருக்கும் தரையில் துடைப்பத்திற்கு அகப்படுவது பெரும்பாலும் தூசியே. ஒரு திங்கள் விட்ட மூலையிலோ சிலந்தியும் எறும்பும் குடியேறிப் பெருகியிருக்கும். ஒத்திவைத்த வேலை அளவில் மட்டுமா வளர்கிறது? அதில் மடியும் உயிர்களின் எண்ணிக்கையும் வளர்கிறது.

நாம் பட்டதையும் கூறிவிடுகிறோம். ஆடியில் திறந்து பார்க்க வேண்டிய பயற்று டப்பாவை ‘அடுத்த வாரம்’ என்றே தள்ளிவந்தோம். தசலட்சண பர்வத்திற்காக அலமாரியைத் துடைக்க இறக்கியபோது, மூடியின் உட்புறமெங்கும் வண்டுகள். வெயிலில் இட்டால் மடியும். முறத்தில் பரப்பி, நிழலில் வைத்து, அவை தாமே ஊர்ந்து அகலும்வரை பிற்பகல் முழுதும் காத்திருந்தோம். பயற்றினுள் புழுவாயிருந்தவற்றை என் செய்வது? சமைக்கவும் இயலவில்லை, எறியவும் மனம் துணியவில்லை. ஐந்து நிமிட வேலையை ஒத்திவைத்ததன் பயன் இது.

‘ஞாயிறன்று எல்லாவற்றையும் முடிப்போம்’ என்னும் பெருந்திட்டம் பயன் தருவதில்லை. ஏற்கெனவே நாம் வழுவாது செய்துவரும் ஒன்றோடு சிறு வேலையொன்றை முடிச்சிடுவதே எளிது. காலையில் நீர் வடிகட்டும் துணியை அலசும்போதே குடமேடையைத் துடைத்துவிடலாம். பொழுது சாயுமுன் உண்டு முடிப்போர்க்கு, வெளிச்சம் இருக்கும்போதே பாத்திரம் கழுவ வாய்ப்புண்டு. எச்சில் பாத்திரம் இரவெல்லாம் கிடந்தால்தான் கரப்பானுக்கு விருந்து. முனிவர் மயிற்பீலியால் துடைத்தே பொருளை எடுப்பதும் வைப்பதும் ஆதான நிட்சேபண சமிதி. நாமும் எடுத்த டப்பாவின் அடியையும் அது இருந்த இடத்தையும் பார்த்துத் துடைத்து வைத்தால், அலமாரிக்கெனத் தனியொரு நாள் வேண்டுவதில்லை. சமிதியை வியந்து பேசும் ஆடவர், துடைப்பத்தை மட்டும் பெண்டிரிடமே விட்டுவிடுவது ஏனோ!

துடைப்பமும் மென்மையானதாக இருக்கட்டும். தென்னந்துடைப்பம் முற்றத்திற்கு ஏற்றது; வீட்டினுள் பூந்துடைப்பமே நன்று. வாரிய தூசியைச் சுடுவெயிலில் கொட்டாது, நிழலான ஓரத்தில் இடுதல் வேண்டும்.

எம் இல்லத்தில் இப்போது பயறு பதினைந்து நாள்களுக்குரிய அளவே வாங்கப்படுகிறது. அட்டமி, சதுர்த்தசி நாள்களில் சமையல் வேலை குறைவாதலால், அன்று டப்பாக்களைத் திறந்து பார்க்கிறோம். பரண் மட்டும் இன்னும் எஞ்சியுள்ளது. வரும் சதுர்த்தசியன்று அதன் கீழ்மூலையில் தொடங்குவதாக இருக்கிறோம்.