பாதி ஆன்லைன் எம்.காம். சேரலாமா?

கேள்வி: காரைக்குடி ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பாதி வகுப்புகள் ஆன்லைனில் நடக்கும் எம்.காம். சேர ஆசை. பட்டம் செல்லுமா?
– வாசகி, அமராவதிபுதூர்

பதில்: செல்லும், அம்மா. அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரிலேயே யுஜிசி தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் பணம் கட்டுமுன், யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகம், அந்தப் பாடம், நீங்கள் சேரும் ஆண்டு மூன்றும் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். ஏஜென்ட் பேச்சு வேண்டாம். பக்கத்திலேயே அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே நேரில் போய் விசாரிக்கலாம்.

என் கவலை வேறு. கடை அடைத்து வீடு வந்து, சமையலும் முடித்தபின் செல்போனில் பாடம் கேட்கத் தெம்பு இருக்குமா? தீபாவளி வியாபார நேரத்தில் தேர்வு வந்தால்? முதலாளியிடம் வாரம் அரைநாள் விடுப்புக்கு இப்போதே பேசுங்கள். கிடைத்தால் தயங்காமல் சேருங்கள்.