கைக்கேற்ற கத்தி

நுழையும்முன்

கத்தி என்றவுடன் அதன் கூர்மையே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் கத்தியில் பாதி அலகு, மறுபாதி பிடி. அலகு காயைத் தொடுகிறது. பிடி கையைத் தொடுகிறது. இவ்விரண்டும் ஒத்துப்போகாவிடில் என்ன நேரும்? கையால் செய்யப்பட்ட ஒரு கத்தியின் கதையை இப்பாடத்தில் காண்போம்.

விரலை அறுத்த கத்தி

தில்லியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் மகனுடன் தங்குவதற்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார் ஆச்சி. நெல்லைப் பகுதியில் பாட்டியை ஆச்சி என்று அழைப்பது வழக்கம். ஊரிலிருந்து வரும்போது தம் அரிவாள்மணையையும் அவர் மறவாமல் கொண்டு வந்தார். ஆயினும் முழங்கால் வலி மிகுந்ததால், தரையில் அமரக்கூடாது என்று மருத்துவர் கூறிவிட்டார். அரிவாள்மணை கட்டிலுக்கு அடியில் சென்றது. ஆச்சி சமையல் மேடையருகே நின்று, கடையில் வாங்கிய கத்தியால் காய் நறுக்கத் தொடங்கினார்.

அக்கத்தியின் பிடி மெல்லியது, உருண்டையானது, வழவழப்பான பிளாஸ்டிக்கால் ஆனது. ஒருநாள் ஈரக்கையுடன் ஆச்சி பரங்கிக்காயை நறுக்கினார். அலகு காயின் நடுவில் சிக்கிக்கொண்டது. அவர் சற்று அழுத்தினார். பிடி உள்ளங்கைக்குள் சுழன்றது. அலகு சாய்ந்து இடக்கைச் சுட்டுவிரலை அறுத்தது.

“இனி நீங்கள் காய் நறுக்க வேண்டாம், அம்மா. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றார் மகன். அன்பினால் சொன்ன சொல்தான் அது. ஆனால் அன்று முதல் ஆச்சி கூடத்து நாற்காலியிலேயே அமர்ந்திருந்தார். குக்கர் ஒலித்தால் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்; எழமாட்டார்.

எட்டாம் வகுப்பில் படிக்கும் பேத்தி இதைக் கவனித்தாள். ஒரு மாலைப்பொழுதில், கத்தியின் அலகைத் தந்தையைக் கொண்டு தடித்த துணியால் சுற்றிக் கட்டச் செய்தாள். தன் கையை நீரில் நனைத்துக்கொண்டு பிடியைப் பற்றினாள். தந்தை அலகை மெல்லத் திருப்பியதும் பிடி அவள் கைக்குள் எளிதாகச் சுழன்றது.

“அப்பா, தவறு ஆச்சியின் கையில் இல்லை, கத்தியின் பிடியில் இருக்கிறது” என்றாள் அவள்.

நிற்கும் அலகும் நகரும் அலகும்

மறுநாள் பள்ளியில் பேத்தி இதைப் பற்றித் தோழியரிடம் பேசினாள். அரிவாள்மணை என்றால் என்னவென்று படம் வரைந்து காட்டினாள். வங்காளத்துத் தோழி உடனே, “இது எங்கள் வீட்டு பொட்டி!” என்றாள். மராட்டியத் தோழி அதை விளி என்றாள். கன்னடத் தோழி ஈளிகெ மணெ என்றாள். பெயர்கள் வேறு, மொழிகள் வேறு, மணையும் அதில் நிமிர்ந்து நிற்கும் வளைந்த அலகும் ஒன்றே.

அரிவாள்மணையில் அலகு அசையாமல் நிற்கும். காலோ முழங்காலோ மணையை அழுத்திக்கொள்ளும். இரண்டு கைகளும் காயைப் பற்றி அலகை நோக்கித் தள்ளும். கத்தியிலோ காய் நிற்கும், அலகு நகரும். ஒரு கை காயைப் பிடிக்க, மறு கை மட்டுமே கத்தியின் எடையைச் சுமந்து, திசையையும் காக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் நிற்கும் அலகில் பழகிய கை, நகரும் அலகுக்கு மாறும்போது தடுமாறுவது இயல்பே. அந்தத் தடுமாற்றத்தைக் குறைக்கும் பொறுப்பு பிடியினுடையது.

கொல்லரின் முதல் வினா

குடியிருப்பிலிருந்து சற்றுத் தொலைவில், சாலையோரத்தில் ஒரு கொல்லர் குடும்பம் உலை வைத்திருந்தது. அவர்கள் காடியா லோஹார் என்னும் இனத்தவர். காடி என்றால் வண்டி. லோஹார் என்றால் கொல்லர். இராஜஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்ட இம்மக்கள் மாட்டுவண்டிகளில் ஊர் ஊராகச் சென்று இரும்புக் கருவிகள் செய்து தந்தவர்கள். 1568ஆம் ஆண்டு சித்தூர்க் கோட்டை வீழ்ந்தபோது, அது மீளும்வரை ஓரிடத்தில் நிலைத்து வாழ்வதில்லை என்று தம் முன்னோர் உறுதி பூண்டதாக அவர்கள் வழிவழியாகக் கூறி வருகின்றனர்.

தந்தையும் ஆச்சியும் பேத்தியும் அங்குச் சென்றனர். கொல்லர் குறட்டால் இரும்பைப் பற்றியிருக்க, அவர் மனைவி சம்மட்டியை ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். ஆச்சிக்கு இந்தி தெரியாது. கொல்லருக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் இடையே பேத்தி மொழிபெயர்த்தாள்.

“காய் நறுக்க ஒரு கத்தி வேண்டும்” என்றார் தந்தை.

“செய்யலாம். யாருடைய கைக்கு?” என்று கேட்டார் கொல்லர்.

எவ்வளவு நீளம் என்றோ, என்ன விலைக்கு என்றோ அவர் முதலில் கேட்கவில்லை. ஆச்சி தயங்கித் தம் வலக்கையை நீட்டினார். கொல்லர் ஒரு நூலை உள்ளங்கையின் குறுக்கே வைத்து அளந்தார். அகலம் 8 செ.மீ. இருந்தது. “பிடி இதைவிட நீளமாக இருக்க வேண்டும். குறுகினால் அதன் முனை உள்ளங்கையில் குத்தும். மாதாஜிக்கு 12 செ.மீ. போதும்” என்றார்.

களிமண் பிடியும் அட்டை அலகும்

இரும்பை அடித்தபின் வடிவத்தை மாற்றுவது கடினம். ஆகவே முதலில் ஒரு மாதிரி செய்து வருமாறு கொல்லர் சொன்னார். பேத்தி களிமண்ணைப் பிசைந்து பிடியாக உருட்டினாள். தடித்த அட்டையை அலகு வடிவில் வெட்டி அதில் செருகினாள். “ஆச்சி, காய் நறுக்குவதுபோல் பிடியுங்கள்” என்றாள். ஆச்சி இறுகப் பற்றியதும் களிமண்ணில் நான்கு விரல்களும் பள்ளமாகப் பதிந்தன. அப்பள்ளங்களைப் பார்த்துப் பேத்தி மகிழ்ந்தாள்.

மாதிரியைக் கண்ட கொல்லர் மூன்று திருத்தங்கள் சொன்னார்.

முதலாவது, விரல் பள்ளங்கள் வேண்டாம் என்றார். வெண்டைக்காய் நறுக்கும் பிடிப்பு ஒன்று. பூசணியைப் பிளக்கும் பிடிப்பு வேறு. பள்ளம் வெட்டிய பிடி கையை ஒரே நிலையில் கட்டிப்போடும். வழுக்காமல் இருக்க, பிடியின் நடு சற்றுப் புடைத்திருக்க வேண்டும். கடைசி முனை சிறிது அகன்று கீழ்நோக்கி வளைய வேண்டும். அதுவே போதும் என்றார்.

இரண்டாவது, பிடி உருண்டையாக இருத்தல் ஆகாது என்றார். உருண்டையான பிடி கைக்குள் சுழலும். முட்டை வடிவில் இருந்தால் சுழலாது. மேலும், பிடியைத் தொட்ட அளவிலேயே அலகின் வாய் எத்திசையில் உள்ளது என்பதைக் கை அறிந்துகொள்ளும். கண் பார்க்க வேண்டுவதில்லை.

மூன்றாவது திருத்தத்தை அவர் சொல்லவில்லை, செய்து காட்டினார். அட்டைக் கத்தியை ஒரு பலகையின்மேல் வைத்து நறுக்குமாறு ஆச்சியிடம் சைகை செய்தார். அலகின் வாய் பலகையைத் தொடுமுன்பே ஆச்சியின் விரல் மூட்டுகள் பலகையில் இடித்தன. “அலகின் அடிப்பகுதி பிடியைவிடக் கீழே இறங்கி இருக்க வேண்டும். அப்போதுதான் விரல்களுக்கு இடம் கிடைக்கும்” என்றார் கொல்லர். அந்த இறக்கத்திற்கு இன்னொரு பயனும் உண்டு. கை முன்னோக்கி வழுக்கினாலும் விரல் அங்கே தடுக்கப்படும்; கூரிய வாய்க்குச் செல்லாது.

பேத்தி புதிய அட்டையை வெட்டினாள். அலகின் நீளம் 15 செ.மீ.; அடிப்பகுதியின் உயரம் 4.5 செ.மீ. வாய் முழுவதும் நேர்க்கோடாக இல்லாமல் நுனியை நோக்கி மெல்ல மேலே வளைந்தது. அவ்வளைவினால் கத்தியைப் பலகையிலிருந்து முழுவதும் தூக்காமல், முன்னும் பின்னும் ஆட்டியே நறுக்கலாம். மணிக்கட்டுக்கு நோவு குறையும்.

உலையில் பிறந்த அலகு

கொல்லர் தேர்ந்தெடுத்தது லாரியின் பழைய வில்பட்டை. பாரம் தாங்கி வளைந்து நிமிரும் அவ்வுருக்கில் கரிமம் அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல் இருக்கும். கரிமம் மிகக் குறைந்த இரும்பு கூர் தாங்காது. வில்பட்டையை உலையில் பழுக்கக் காய்ச்சி அவர்கள் அடித்து நீட்டினர். முதுகு அடியில் 3 மி.மீ. தடிப்பாகவும் நுனியில் 1 மி.மீ. தடிப்பாகவும் மெலிந்து வந்தது. நுனி கனத்தால் மணிக்கட்டு வலிக்கும். அலகும் பிடியும் சேரும் இடத்தருகே ஒரு விரலின்மேல் கத்தி சாயாமல் நின்றால், எடை சமமாக உள்ளது என்று பொருள்.

பின்பு தோய்ச்சல் நடந்தது. சிவக்கக் காய்ந்த அலகை எண்ணெயில் அமிழ்த்தினர். உருக்கு கடினமாயிற்று, ஆனால் கீழே விழுந்தால் உடையும் அளவுக்கு நொறுங்கும் தன்மையும் பெற்றது. அத்தன்மையைத் தணிக்க, அலகைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மீண்டும் இளஞ்சூட்டில் காட்டினர். ஏறத்தாழ 220 செல்சியஸ் அளவில் அதன்மேல் வைக்கோல் நிறம் படர்ந்தது. அந்நிறத்தைக் கண்டவுடன் கொல்லர் அலகை உலையிலிருந்து விலக்கினார். அவரிடம் வெப்பமானி இல்லை; கண்ணே வெப்பமானி.

பிடிக்குச் சீசம் மரம். அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை நீண்டிருக்க, அதன் இருபுறமும் இரண்டு மரத்துண்டுகளை வைத்து ரிவிட் ஆணிகளால் இறுக்கினர். அரத்தால் இழைத்து, ஆளிவிதை எண்ணெய் பூசினர். எண்ணெய் ஊறிய மரத்தில் நீர் எளிதில் புகாது. இறுதியாகச் சாணை பிடித்தபோது, வாயின் ஒவ்வொரு புறமும் 15 முதல் 20 பாகைச் சாய்வில் தீட்டப்பட்டது.

சிவந்த தடம்

கத்தி வீட்டுக்கு வந்தது. ஆச்சி கால் கிலோ பீன்சை நறுக்கினார். கை வழுக்கவில்லை, பிடி சுழலவில்லை. அனைவரும் மகிழ்ந்தனர். ஆனால் ஆச்சி கத்தியை வைத்தபோது, அவர் சுட்டுவிரலின் அடியில் சிவந்த தடம் ஒன்று இருப்பதைப் பேத்தி கண்டாள்.

“அது ஒன்றுமில்லை, கண்ணே. நாளடைவில் பழகிவிடும்” என்றார் ஆச்சி.

“கைதான் பழக வேண்டுமா, ஆச்சி? கத்தி மாறக்கூடாதா?” என்றாள் பேத்தி.

மறுநாள் கொல்லரிடம் அத்தடத்தைக் காட்டினர். அவர் அதைச் சிறிது நேரம் உற்று நோக்கினார். கத்தியைத் திருப்பி அதன் முதுகில் தம் விரலை ஓட்டினார். ஆச்சி கத்தியை முன்னால் தள்ளிப் பிடிப்பதால், அவர் சுட்டுவிரல் அலகின் முதுகில் அமர்ந்திருந்தது. முதுகின் ஓரம் கூராக விடப்பட்டிருந்தது. கொல்லர் அரத்தை எடுத்து அவ்விடத்தை உருட்டித் தேய்த்தார். ஐந்து நிமிட வேலைதான். “நல்ல வேளை, காட்டினீர்கள். வலியைச் சொல்லாத கைக்கு நல்ல கத்தி செய்ய இயலாது” என்றார். இம்மொழிபெயர்ப்பைக் கேட்டு ஆச்சி சிரித்தார்.

அவ்வாரம் ஞாயிற்றுக்கிழமை அவியல். சேனை, வாழைக்காய், முருங்கைக்காய், பூசணி ஆகிய எல்லாவற்றையும் மேடையருகே நின்று ஆச்சியே நறுக்கினார். மகன் அருகில் வந்து நின்றார். சிறிது நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தேங்காய் துருவத் தொடங்கினார்.

தெரிந்து தெளிவோம்

• பயன் மாறினால் வடிவமும் மாறும். கூர்க்கர்களின் குக்ரி முன்புறம் கனத்து உள்நோக்கி வளைந்திருக்கும். ஓங்கி வெட்டும்போது அந்த எடையே வேலையின் பெரும்பகுதியைச் செய்யும். காய் நறுக்க அத்தகைய எடை தேவையில்லை.
• ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில் நடைபெற்ற அகழாய்வுகளில், பழந்தமிழர் இரும்பும் உருக்கும் செய்ததற்கான சான்றுகள் கிடைத்துள்ளன.
• கத்தியை எப்போதும் பெரியவர்கள் உடனிருக்கும்போது மட்டுமே கையாள வேண்டும்.

சொற்பொருள்

அலகு – கத்தியின் வெட்டும் இரும்புப் பகுதி
வாய் – அலகின் கூரிய ஓரம்
முதுகு – வாய்க்கு எதிரான தடித்த ஓரம்
உருக்கு – கரிமம் கலந்த உறுதியான இரும்பு, எஃகு
குறடு – பற்றிப் பிடிக்கும் கருவி
சம்மட்டி – பெரிய சுத்தியல்
அரம் – தேய்க்கப் பயன்படும் கருவி
தோய்ச்சல் – காய்ச்சிய இரும்பை நீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்திக் கடினமாக்குதல்

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ஆச்சி அரிவாள்மணையைப் பயன்படுத்த இயலாமல் போனது ஏன்?
2. கொல்லர் கேட்ட முதல் வினா யாது? அது எதை உணர்த்துகிறது?
3. முட்டை வடிவப் பிடியின் இரண்டு பயன்களை எழுதுக.

ஆ. விரிவாக விடை எழுதுக.
1. அரிவாள்மணையில் நறுக்குவதற்கும் கத்தியால் நறுக்குவதற்கும் உள்ள வேறுபாடுகளை விளக்குக.
2. “கைதான் பழக வேண்டுமா? கத்தி மாறக்கூடாதா?” என்ற பேத்தியின் வினா குறித்து உன் கருத்தை எழுதுக.

இ. ‘வாய்’, ‘முதுகு’ ஆகிய உடலுறுப்புப் பெயர்கள் கத்தியின் பகுதிகளுக்கும் வழங்குகின்றன. இவ்வாறு பொருள்களுக்கு வழங்கும் உறுப்புப் பெயர்கள் ஐந்தினை எழுதுக. (எ.கா.) நாற்காலியின் கால்.

ஈ. செய்து பார்.
உன் வீட்டிலுள்ள கரண்டி, குடை, வாளி ஆகியவற்றின் பிடிகளைப் பற்றிப் பார். கைக்கு வலி தரும் ஒரு பிடியைத் தேர்ந்தெடுத்து, அதற்குக் களிமண்ணில் புதிய மாதிரி செய். வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம் கொடுத்துப் பிடித்துப் பார்க்கச் சொல். அவர் கூறும் குறைகளை எழுதி, மாதிரியைத் திருத்து.